வளைகுடாவில் கரக் தேநீரும் உடலின் நீர்ச்சமநிலையும்: ஒரு முன்னோட்ட ஆய்வின் முன்னோட்டம்

டீ குடித்தால் உடம்பில் தண்ணீர் ஏறுமா, இறங்குமா என்னும் வினா தொல்காப்பியருக்குத் தோன்றவில்லை. உரையாசிரியர்களும் வாய் திறக்கவில்லை. 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று நூலே எழுதிய ஆ.இரா. வேங்கடாசலபதி, அந்தக் காலத்தில் கரக் இருந்ததா என்பதை நமக்கு விட்டுவைத்திருக்கிறார். ஆகவே இத்துறையில் இதுவே முதல் ஆய்வு என அறிவிக்கிறோம். எல்லா ஆய்வேடுகளும் அப்படித்தான் அறிவிக்கின்றன. ('நாம்' என்பது ஒரே ஆள்தான். பன்மையில் எழுதினால் நெறியாளர் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.)

ஆய்வுக்களம்: துபாயில் தேரா, சத்வா, ஷார்ஜாவில் ரோலா, அபுதாபியில் முஸஃபா. காலம்: ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை. திறந்த வெயிலில் பகல் 12.30 முதல் 3 மணிவரை வேலை வாங்கக்கூடாது என்று அமீரக அரசு ஆண்டுதோறும் தடைபோடும் மூன்று மாதங்கள் இவை.

முந்தைய ஆய்வுகளைப் பார்ப்போம். காஃபின் சிறுநீரைப் பெருக்கும் என்று 1928இல் ஓர் ஆய்வு சொன்னது. சோதிக்கப்பட்டவர்கள் மூன்றே பேர். பழகியவர்களுக்கு அந்த வேகம் தணிந்துவிடும் என்பதும் அதே ஆய்வில் இருந்தது. முதல் பாதி வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது. இரண்டாம் பாதியை யாரும் அனுப்பவில்லை. 2014இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார், காபி குடித்துப் பழகிய 50 ஆண்களுக்கு மூன்று நாள் காபியும் மூன்று நாள் தண்ணீருமாக, 200 மில்லி கோப்பையில் தினம் நான்கு கொடுத்துப் பார்த்தார்கள். உடலின் நீர்ச்சமநிலையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. நல்ல ஆய்வுதான். ஆனால் பர்மிங்காம்காரர்கள் கோடை என்று சொல்வதை சத்வாவில் ஏசி என்போம்.

இனி வகைப்பாடு. கஹ்வா என்னும் அரபுக் காபி: 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது; சின்ன ஃபின்ஜானில் வரும்; போதுமென்றால் கோப்பையை ஆட்டிக் காட்ட வேண்டும்; ஆட்டத் தெரியாதவருக்கே மிகைக்காஃபின் வரும். எனர்ஜி டிரிங்க்: 2017 அக்டோபரில் 100 சதவீத வரி விழுந்தது, தொடர்ந்து ஆராய நமக்குக் கட்டுபடியாகவில்லை. சுலைமானி: பால் இல்லை, எலுமிச்சை உண்டு. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது. எலுமிச்சையின் வைட்டமின் சி அதைக் கொஞ்சம் ஈடுகட்டும். இதை மலபார்ச் சேட்டன்கள் நல்கை ஏதும் வாங்காமலே கண்டுபிடித்துவிட்டார்கள்.

கரக்: இங்கேதான் ஆய்வு சூடுபிடிக்கிறது. டீத்தூள், ஏலக்காய், டின்பால், சர்க்கரை எல்லாம் ஒன்றாகக் கொதித்துக் கொதித்துச் செங்கல் நிறத்துக்கு வரும். வாங்குகிறவர் காரைவிட்டு இறங்குவதில்லை. கடைக்கு எதிரே நிறுத்தி ஹார்ன் அடிப்பார். ஹார்ன் மூவகைப்படும். குறில் ஒன்று: வாடிக்கையாளர். குறில் இரண்டு: சர்க்கரை கம்மி (மேல்கட்டில் நண்பர், வாய்மொழி, விளக்கணைத்த பின்). நெடில்: ஊருக்குப் புதியவர், அல்லது சின்ன முதலாளி (டீக்கடை விலைப்பலகை, பழைய விலையை மறைத்த ஸ்டிக்கருக்கு அடியில்). அளபெடையும் உண்டு, அதை அடிப்பவர் பெரிய முதலாளி (ரசீதின் பின்புறம், ரோலா சுவடி, வாட்ஸ்அப் குழுவில் கிடைக்கும் முஸஃபா சுவடியில் இவ்விடம் சிதைந்து, 'முதலாளியின் டிரைவர்' என்று பாடபேதம் காணப்படுகிறது, இரண்டையும் ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் பேராசிரியர் தேநீர் இடைவேளையிலிருந்து இன்னும் திரும்பவில்லை).

ஹார்ன் கேட்டதும் சப்ளைக்காரத் தம்பி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார். வெயில் 46 டிகிரி. காகிதக் கோப்பை விளிம்புவரை நிறைந்திருக்கும். ஓடினால் சிந்தும், நடந்தால் சுடும். கார் கண்ணாடி நான்கு விரல் இறங்கும். கோப்பை உள்ளே போகும். சில்லறை வெளியே வரும். பத்தடி தள்ளி அடுத்த நெடில். மாலைக்குள் சட்டையின் முதுகில் வியர்வை காய்ந்து உப்புக்கோடு விழுந்துவிடும் (தம்பியின் சட்டை, இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பு துவைக்கப்போயிருக்கிறது). ஆகவே கரக் தேநீரால் நீரிழப்பு உண்டாவது உண்மையே என்று நிறுவுகிறோம். உண்டாவது குடிப்பவருக்கு அல்ல, கொண்டுவருபவருக்கு.

குடிப்பவரையும் சும்மா விடக்கூடாது. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் காஃபின் வரை பாதகமில்லை என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், கர்ப்பிணிகளுக்கு 200. ஒரு கோப்பை டீயில் ஏறக்குறைய 50 என்று வைத்தால், வரம்பைத் தொட எட்டு கரக் வேண்டும். எட்டு கரக் குடிப்பவருக்குக் காஃபின் வருமுன் சர்க்கரை வந்துவிடும்.

கட்டுமான சைட்டுகளில் கழிப்பறைச் சுவரில் சிறுநீர் நிற அட்டை ஒட்டியிருப்பார்கள். வெளிர்மஞ்சள் என்றால் சரி. பால் விடாத டீயின் நிறம் என்றால் உடனே தண்ணீர் குடிக்கவேண்டும். நீர்ச்சமநிலை பற்றி நாம் படித்தவற்றுள் பாதிக்கப்பட்டவர் தாமே படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய ஆய்வுரை இது ஒன்றுதான். அடிக்குறிப்பு இல்லை, 'மேலும் ஆய்வு தேவை' என்ற வரியும் இல்லை. எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது.

இறுதியாகப் பரிந்துரை. நெடிலும் அளபெடையும் அடிக்கும் அன்பர்கள் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரையாவது காரைவிட்டு இறங்கிப் போய் டீயை வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது தம்பிக்கும் ஒரு பாட்டில் தண்ணீர் சொல்லுங்கள்.