கல்லாச் சாவி

எங்கள் வட்டார வணிகர் சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கருத்தரங்கு வைத்தார்கள். ‘இளைய தலைமுறையை வணிகத்துக்குள் கொண்டுவருவது எப்படி?’ என்பது தலைப்பு. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலில் நிறைந்து உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் ஒன்று தலை நரைத்தவர்கள், இல்லையென்றால் சாயம் பூசியவர்கள். கோட்டுப் போட்ட பயிற்சியாளர் ஒருவர் தலைமுறைகளை எக்ஸ், ஒய், இசட் என்று பிரித்துப் படம் காட்டினார். 1997 முதல் பிறந்தவர்கள் இசட்டாம். பாத்திரக்கடை அண்ணாச்சி எழுந்து, “இசட்டோட எழுத்து முடிஞ்சிருச்சே, அடுத்து என்ன செய்வீங்க?” என்று கேட்டார். “ஆல்ஃபா சார்” என்றார் பயிற்சியாளர். “அப்ப மறுபடியும் மொதல்லருந்தா?” என்று அண்ணாச்சி நொந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஹாலில் இசட் தலைமுறை என்று சொல்ல ஒரே ஒரு பையன்தான் இருந்தான். புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ள வந்தவன். அவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. “தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

எக்ஸ், ஒய் கணக்கெல்லாம் மளிகைக்கடைக்குச் சரிப்பட்டு வராது. கடையில் தலைமுறை என்பது கல்லாவை வைத்துத்தான். கல்லாச் சாவி வைத்திருப்பவர் ஒரு தலைமுறை. அதற்காகக் காத்திருப்பவர் ஒரு தலைமுறை. அந்தச் சாவி எதற்கு என்றே தெரியாதவர்கள் மூன்றாம் தலைமுறை. எங்கள் கடையில் மூன்றும் உண்டு. சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது. அப்பா எழுபதைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது, கயிறு மட்டும் வருஷா வருஷம் புதுசு. காத்திருப்பவன் நான்.

அப்பாவுக்குக் கல்லா கிடைத்த கதை சுவையானது. தாத்தாவுக்குத் திருச்செந்தூர் பக்கம் சின்னக் கடை. 1957 ஏப்ரல் முதல் தேதி நாட்டில் நயா பைசா வந்தது. அதுவரை பதினாறு அணா ஒரு ரூபாய், அதற்குப் பிறகு நூறு நயா பைசா ஒரு ரூபாய். அணா, வீசம், மாகாணி என்று விரல்நுனியில் கணக்கு வைத்திருந்த தாத்தா ஒரே நாளில் எழுத்தறியாதவர் ஆகிவிட்டார். ஓர் அணாவுக்கு ஆறு நயா பைசா, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று சர்க்கார் பட்டியல் போட்டது. ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்களா? ஓரணா சாமானை நாலு தடவை வந்து தனித்தனியாக வாங்கினார்கள். இருபத்துநாலில் முடிந்தது, ஒரு நயா பைசா மிச்சம். தாத்தா தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, பள்ளிக்கூடத்தில் புதுக்கணக்குப் படித்துக்கொண்டிருந்த அப்பா, “ஒரே நாள்ல வாங்குறதைச் சிட்டையில எழுதி ராத்திரி மொத்தமாக் கணக்குப் பாருங்க” என்றாராம். மறுநாளே அப்பாவைக் கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார் தாத்தா. அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். அதன்பிறகு மெட்ராஸுக்கு வந்து சொந்தக் கடை போட்டும் அவர் எழுந்திருக்கவில்லை.

இதிலிருந்து நான் ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். பணத்தின் உருவம் மாறும்போதுதான் கல்லா கை மாறும். என் இளமைக்காலம் முழுக்க ரூபாய் ரூபாயாகவே இருந்து தொலைத்தது. அதனால் எனக்குக் குடோன்தான் கிடைத்தது. மூட்டை எண்ணினேன், எலி பிடித்தேன், கொத்தவால்சாவடிக்கு விடியலில் போய் வந்தேன். கடைசியில் 2016 நவம்பர் 8 ராத்திரி பணம் மாறத்தான் செய்தது. எனக்கு நாற்பது கடந்திருந்தது. சாவி வருமென்று பார்த்தால், அப்பா செல்லாத நோட்டுக் கட்டைக் கொடுத்து பேங்க் வரிசையில் நிற்கச் சொன்னார்.

சரி, மகள் கதைக்கு வருகிறேன். பி.காம். முடித்து, கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, “அப்பா, நான் கடைக்கு வரட்டுமா?” என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைக்கு வராதே, படித்து உருப்படு என்று சொல்லித்தானே வளர்த்தோம்! ஊரில் பாதி அண்ணாச்சிகள் பிள்ளைகளிடம் இருபது வருஷம் இதைத்தான் சொல்கிறார்கள். அப்புறம் சங்கத்தில் கூடி, பசங்க யாரும் யாவாரத்துக்கு வரமாட்டேங்கிறான் என்று வருத்தப்படுகிறார்கள்.

வந்ததும் முதல் வேலையாக க்யூஆர் அட்டையை வைத்தாள். கூடவே சவுண்டு பாக்ஸ். பணம் வந்தால் ஒரு பெண் குரல் சுத்தத் தமிழில் சொல்லும். முதல் நாள் அது “நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது” என்றபோது அப்பா திரும்பிப் பார்த்து, “சரிம்மா” என்றார். சாயங்காலம் கல்லாவை எண்ணிவிட்டு, “ஏட்டி, அந்தப் பிள்ளை நாள்பூரா வாங்குனேன் வாங்குனேன்னு சொல்லிச்சே, துட்டு எங்க?” என்று மகளிடம் கேட்டார். பேங்கில் இருக்கிறது தாத்தா என்றாள். “நம்ம கடை யாவாரத்துக்கு பேங்க்காரனுக்கு எதுக்குத் துட்டு?” என்றார். அவர் கேள்வியில் நியாயம் இருந்த மாதிரித்தான் எனக்குப் பட்டது.

அடுத்த சண்டை ஸ்டூலுக்காக. கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். மகள் அதைப் படித்துக் காட்டி, பையன்களுக்கு மூன்று ஸ்டூல் வாங்கிப் போட்டாள். “உக்காந்தா யாவாரம் படுத்துரும்” என்றார் அப்பா. 1957-இலிருந்து உட்கார்ந்தே இருப்பவர் இதைச் சொன்னது எங்கள் யாருக்கும் சிரிப்பை வரவழைக்கவில்லை. வந்த சிரிப்பைக் குடோனில் போய்ச் சிரித்துவிட்டு வந்தோம்.

கடைப் பையன்கள் இன்னொரு ரகம். அப்பா காலத்தில் லீவு என்றால் ஊர்க் கொடை. அம்மன் கோயில் கொடைக்கு முதலாளியும் பையனும் ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் திரும்புவார்கள். இப்போது காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில், “அண்ணா மைண்ட் சரியில்ல, இன்னைக்கு வரல” என்று வருகிறது. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். “மைண்டுன்னா வயித்துக்குக் கீழயா மேலயா?” என்று கேட்டார். காய்ச்சல் இல்லாமல், செத்தவர் யாரும் இல்லாமல் லீவா என்று அவருக்கு ஆச்சரியம். மகள் மட்டும், “பொய் சொல்லாம லீவு கேக்கானே தாத்தா, நல்லதுதானே” என்றாள்.

இன்னொரு நாள் மத்தியானம் கலர் சட்டை போட்ட டெலிவரிக்காரர் ஒருவர் பையோடு வந்து கடைக்குள் யாரையோ தேடினார். பின்னால் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த நம் பையனேதான் கையைத் தூக்கினான். பையைப் பிரித்தால் இரண்டு சிப்ஸ் பாக்கெட். அதே சிப்ஸ் சரம் சரமாக அவன் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. “ஏலே, நீ மளிகைக்கடையில நின்னுக்கிட்டு மளிகைக்கடையிலயா வாங்குத?” என்று அப்பா கத்தினார். “இல்ல தாத்தா, அதுல ஆஃபர் இருக்கு, ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீ” என்றான் பையன், தயக்கமே இல்லாமல். நான் அவனை வைய வாயெடுத்தேன். அதற்குள் மகள் நோட்டை எடுத்து, எந்தக் கம்பெனி, என்ன விலை, எத்தனை நிமிஷத்தில் வந்தது என்று அவனிடம் குறித்துக்கொண்டாள். எதிரிப் படையின் ரகசியம் பத்து மணி நேரமும் நம் பருப்பு மூட்டைக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

மகள் கணக்குப் பார்க்கும் விதமே வேறு. ஒருநாள் லேப்டாப்பைத் திருப்பி, வாடிக்கையாளர்களில் யார் யார் வாங்குவது குறைந்திருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டினாள். மாதம் ஆறு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கிய ஒரு வீடு இரண்டுக்கு இறங்கியிருந்தது. ஏன் என்று லேப்டாப்புக்குத் தெரியவில்லை. அப்பா கண்ணாடிகூடப் போடாமல், “மூணாவது மாடி அம்மாதானே? பையன் குடும்பத்தோட அமெரிக்கா போயிட்டான். இட்லிப் பொடிக்கு ஆளில்ல. அரை லிட்டர் பாட்டில் வாங்கிவை, அவங்களே சந்தோஷப்படுவாங்க” என்றார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம். எத்தனை என்று அவள் சொல்லுவாள், ஏன் என்று அவர் சொல்லுவார். எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்டேன். அரை லிட்டர் பாட்டிலை இறக்கிவைக்கச் சொன்னார்கள்.

இப்படியிருக்கையில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். வற்றல் நெடியில் தும்மல் வந்தால் கண்ணுக்கு ஆகாது, கடைப்பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாவியைத் தாருங்கள் என்றேன். “நான் வந்து திறந்துக்கிடுதேன்” என்றார் அப்பா. பூட்டிய கல்லாவோடு கடை நடந்தது. ரொக்கம் கொடுத்தவர்களின் பணம் பிஸ்கட் டின்னில் விழுந்தது. மற்றதெல்லாம் சவுண்டு பாக்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தது. அப்பா திரும்பி வந்து கல்லாவைத் திறந்து எண்ணினார். விட்டுப்போன பணம் விட்டுப்போனபடியே இருந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். அப்புறம்தான் மகள் போனில் பேங்க் கணக்கைக் காட்டினாள். தொகையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். “அம்புட்டும் அந்தப் பிள்ளை வாங்குனதா?” என்றார்.

அன்று ராத்திரி கடை சாத்தும்போது சவுண்டு பாக்ஸை எடுத்துக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டினார். துட்டு வருகிற சாமானை வெளியே போட்டுவிட்டா போவது என்று கேட்டார். பத்தரை மணிக்கு யாரோ ஒரு நல்ல மனிதர் பழைய பாக்கியை அனுப்பியிருக்கிறார். பூட்டிய கடைக்குள்ளிருந்து ஒரு பெண், “முந்நூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது” என்றிருக்கிறாள். எதிர் ஃபிளாட் வாட்ச்மேன் காலையில் வந்து, “அண்ணாச்சி, உள்ள யாரையும் வச்சுப் பூட்டிட்டீங்களா?” என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

அந்த வாரத்தில்தான் மகள் சம்பளம் கேட்டாள். சம்பளமும் வேண்டும், கொள்முதலில் தனக்கென்று ஒரு தொகையும் வேண்டும், அதில் லாப நஷ்டம் தன் பொறுப்பு என்றாள். “நம்ம கடையில நமக்கே சம்பளமா?” என்று அப்பா கொதித்தார். நான் செட்டிநாட்டு நகரத்தாரை இழுத்தேன். அப்பாவுக்கு அவர்கள் மேல் மரியாதை ஜாஸ்தி. பையனைப் பெட்டியடியில் உட்காரவைத்துத் தொழில் பழக்கி, அடுத்தாளாக ஏற்றி, மேலாளாக்கி, அப்புறம் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருஷக் கணக்கில் அனுப்பினார்கள். உறவுக்காரனானாலும் சம்பளம் பேசித்தான். கப்பல் தபாலில் கடிதம் வந்து சேருமுன் அங்கே ஆயிரக்கணக்கில் கடன் கொடுத்து வாங்கியிருப்பான் அந்த ஆள். முதலாளி காரைக்குடியில் இருந்தபடி அவனை நம்பினார். “நாம கோடம்பாக்கத்துல ஒரே கூரைக்குள்ள இருக்கோம், பத்தடி தூரத்துல நிக்கிற பிள்ளையை நம்பக் கூடாதா?” என்றேன்.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு பழைய சிட்டையை எடுத்து, ‘பேத்தி சம்பளம்’ என்று பற்றில் எழுதினார். சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஒனக்கு?” என்றார். அந்தக் கடையில் இத்தனை காலத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. எனக்குத் தொகைகூடச் சொல்லத் தெரியவில்லை. மகள்தான் சொன்னாள்.

சாவி இன்னும் அரைஞாண் கயிற்றில்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எனக்குச் சம்பளம் வந்துவிடுகிறது. சவுண்டு பாக்ஸ் அதைச் சொல்லுவதில்லை, போனில்தான் செய்தி வரும். மகளுடையதைவிட இரண்டாயிரம் கம்மி.