கிணற்றுக் கயிறும் ஜெனரேட்டர் கயிறும்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டுக்கென்று வாங்கும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைக் கடைக்காரர் மின்சாதனம் என்று சொல்லி விற்கிறார். வாங்குகிறவரும் அப்படியே நம்பித் தூக்கிவருகிறார். இருவர் எண்ணமும் தவறு என்பது இக்கட்டுரையின் துணிபு. தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர், சேலையூர், சிட்லபாக்கம் பகுதிகளைப் பொறுத்தவரை அது நீர் இறைக்கும் கருவி. ஏற்றத்துக்கும் கமலைக்கும் வாரிசு, கிணற்று ராட்டினத்துக்குத் தம்பி முறை. முதற்சான்று அதன் உருவத்திலேயே தொங்குகிறது. சுவிட்சைத் தட்டினால் ஓடுவது மின்சாதனத்தின் இலக்கணம். இதையோ காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, கயிறு போட்டு இழுக்க வேண்டும். தேர் வடத்தை விட்டால் புறநகர்வாசி இன்று கயிறு இழுப்பது இதற்கு மட்டுமே. பொத்தானை அமுக்கினால் கிளம்பும் மாடல்களும் உண்டே எனலாம். அவற்றிலும் பேட்டரி இறங்கிவிடும் நாளுக்காக ஓரமாக ஒரு கயிறு வைத்திருப்பதைக் காண்க. மரபு அவ்வளவு எளிதில் விடாது.

உருவ ஒற்றுமையை வைத்தே குலம் சொல்லிவிட முடியாது. கணக்கும் ஒத்துவர வேண்டும். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வைத்திருக்கும் அளவு. நாலு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர். மொட்டை மாடியில் 1,000 லிட்டர் டேங்க் நிரம்பியிருந்தாலும் இரண்டாம் நாள் முடிவதற்குள் குழாய் இருமத் தொடங்கும். இந்த இருமலே ஜெனரேட்டருக்கு அழைப்பு. 2012இல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் கட் இருந்தபோது வீடுகள் நாடியது இன்வெர்ட்டரை. டேங்கில் தண்ணீர் இருக்கும்வரை மனிதனுக்கு விசிறி போதும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பின்பும், 2023 டிசம்பரில் மிக்ஜாமுக்குப் பின்பும் தென்புறநகர்த் தெருக்கள் பல நாள்கணக்கில் இருண்டு கிடந்தபோது இன்வெர்ட்டர் தலைகுனிந்தது. டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஒரு குதிரைத் திறன் என்றால் 746 வாட். கிளம்பும் கணத்தில் அது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அந்தக் குதிரையைக் கட்டி மேய்க்காது. 2018இல் கஜா புயல் அடித்த டெல்டா ஊர்களில், வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய் டேங்க் நிரப்பித் தருவது ஒரு தொழிலாகவே முளைத்தது.

எல்லாவற்றையும் விடப் பெரிய சான்று வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தண்ணீர் வந்ததால் கரண்ட் போயிற்று. கரண்ட் போனதால் தண்ணீர் வரவில்லை. கூடத்தில் ஆறு நிற்கிறது, குழாயில் சொட்டில்லை. ஆற்றின் நடுவில் நின்றுகொண்டு தண்ணீருக்கு வழி தேட வேண்டிய இந்த நிலையைப் பழைய கிணற்றுக்காரர்கள் அறிந்ததில்லை. அவர்களுடைய ராட்டினம் மின்வாரியத்தை நம்பி இருக்கவில்லை.

எதிர்வழக்காடுவோர் இரண்டு சொல்வர். முதலாவது, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் விசிறி ஓட்டவும் ஜெனரேட்டர் பயன்படுகிறதே என்பது. மோட்டாரைக் கிளப்பும் அளவுள்ள ஜெனரேட்டர் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயை ஒட்டி விற்கும் நாளில், விடிய விடிய விசிறிச் சுகம் காண்பவர் காலையில் கணக்குப் பார்த்து வியர்ப்பார். ஆகவே டேங்க் நிரம்பும்வரை ஓட்டி, நிறுத்திவிடுவதே மரபு. அந்த அரைமணியில் பக்கத்து வீட்டார் நான்கு செல்போனோடு வந்து நிற்பது உண்மைதான். அன்று நம் வீட்டுக் கிணற்றுக்குக் குடத்தோடு வந்தவர்களும் அவர்களே, குடம்தான் சிறுத்துவிட்டது. இரண்டாவது, கிணறு உயிர் வாங்காது, ஜெனரேட்டர் வாங்கும் என்பது. கிணறும் வாங்கியிருக்கிறது. பாழுங்கிணற்றில் விஷவாயு உண்டா என்றறிய, இறங்குமுன் விளக்கேற்றிக் கீழே விட்டுப் பார்த்தார்கள். ஜெனரேட்டர் கக்கும் கார்பன் மோனாக்சைடு இதைவிட வஞ்சகம்: நிறமில்லை, மணமில்லை, விளக்கையும் அணைக்காது, ஆளை மட்டும் அணைக்கும். மழைக்குப் பயந்து அதை மாடிப்படிக்கடியிலோ கார் நிறுத்துமிடத்திலோ வைத்து ஓட்டக் கூடாது; திறந்த வெளியில், சன்னலை விட்டு விலகியே வைக்க வேண்டும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் சொருகினால், கரண்ட் தெருவுக்குத் திரும்பி, டிரான்ஸ்பார்மர் வழியே 11,000 வோல்ட்டாக ஏறி, கம்பத்தில் இருக்கும் லைன்மேனைத் தாக்கும். நமக்காக மழையில் ஏறியவருக்கு அது கைம்மாறாகாது.

ஏற்றத்துக்குப் பாட்டு உண்டே, இதற்கு எங்கே என்று கேட்போருக்கு, 86 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்திருக்கும் அந்த உறுமலே பதில். ஏற்றப் பாட்டுக்கு யாரும் வரம்பு விதித்ததில்லை என்பது மட்டும் வேறுபாடு. இவ்வளவுக்குப் பின்னும் ஐயம் நீங்காதவர்கள், மூன்றாம் நாள் இரவு கரண்ட் திரும்பும் கணத்தில் தாம்பரத்துத் தெரு ஒன்றில் காது கொடுக்கலாம். முதலில் “வந்துடுச்சு” என்று ஒரு கூச்சல். அடுத்த குரல் விளக்கைப் போடச் சொல்லாது, டிவியைப் போடச் சொல்லாது. “மோட்டாரைப் போடு, மறுபடி போறதுக்குள்ள!”