வெயிலுக்கு ஒரு மீட்டர்

சிவகாசியில் பட்டாசுத் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று சொன்னால் ஆள் வெளியூர் என்று தெரிந்துவிடும். உள்ளூரில் அது ‘ஆபீஸ்’. அப்படி ஒரு சின்ன பட்டாசு ஆபீசும் டவுனுக்குள் ஒரு ஆப்செட் பிரஸ்ஸும் வைத்திருப்பவர் அண்ணாச்சி. மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வுபெற்றவர் ஏ.இ. சார். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்திய ஒரு காலையில் இருவரும் ஒரே டீக்கடை பெஞ்சில் அகப்பட்டுக்கொண்டார்கள்.

அண்ணாச்சி: லைன் பக்கம் மரம் வெட்டுறாங்களாம். நம்மூர்ல ஏது சார் மரம்?

ஏ.இ.: சீமைக்கருவேலம் இருக்குல்ல. எதுவா இருந்தாலும் இது பராமரிப்பு அண்ணாச்சி. மின்வெட்டுன்னு சொல்லப்படாது.

அண்ணாச்சி: 2012-ல நடந்ததுக்கு என்ன பேரு? சென்னைக்கு ரெண்டு மணி நேரம் போச்சு. நமக்குப் பன்னெண்டு, பதினாலு மணி நேரம்.

ஏ.இ.: அது சுமை ஒழுங்குமுறை.

அண்ணாச்சி: ஒழுங்கா வெட்டுனீங்க, மறுக்கலை. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் போட்டு ஆர்டர் பிடிக்கிறோம். அப்போ கரண்ட் இருக்கும், மிஷினுக்கு வேலை இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில ராப்பகலா ஓட்டணும். அப்பப் பாத்து கரண்டைக் காணோம். டீசல் ஊத்தி அடிச்ச காலண்டர்ல நல்ல நேரம் பார்த்தா சிரிப்புதான் வந்துச்சு.

ஏ.இ.: அது எங்க தப்பில்லை, காத்தோட தப்பு. மே-ல ஆரம்பிச்சு செப்டம்பரோட காத்து ஓய்ஞ்சிரும். 2012-லயே தமிழ்நாட்டுல 7,000 மெகாவாட் கிட்டக் காத்தாலை நின்னுச்சு.

அண்ணாச்சி: நின்னுச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க.

ஏ.இ.: காத்தைப் பிடிச்சு மூட்டையில கட்டி வைக்க முடியுமா? கரண்டைச் சேமிக்க முடியாதுங்க. அடிப்படைப் பாடம் அது.

அண்ணாச்சி: வடக்க வாங்கியிருக்கலாம்ல?

ஏ.இ.: வாங்கலாம். கொண்டுவரப் போதுமான வயர் இல்லை. தென்னக கிரிட் தனியா கெடந்துச்சு. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன்ல 2013 டிசம்பர் 31 அன்னைக்குக் கரண்ட் ஏத்துன பெறகுதான் நாடு முழுக்க ஒரே கிரிட். ஆனா தனியா கெடந்ததுலயும் ஒரு லாபம் இருந்துச்சு. 2012 ஜூலை 30, 31-ல வடக்க பாதி இந்தியா இருண்டு போச்சு. நமக்கு ஒண்ணும் ஆகலையே!

அண்ணாச்சி: ஏற்கெனவே இருட்டுல உக்காந்திருக்கவனுக்குப் புதுசா என்ன சார் ஆகும்?

ஏ.இ.: நாங்க சும்மா இருந்தோம்னு மட்டும் சொல்லாதீங்க. 2010-ல வாரியத்தையே பிரிச்சோம். உற்பத்தி, பகிர்மானம் ஒரு கம்பெனி, தொடரமைப்பு ஒரு கம்பெனி. 2024-ல அதையும் பிரிச்சு, பசுமை எரிசக்திக்குன்னே தனிக் கம்பெனி வச்சாச்சு.

அண்ணாச்சி: கரண்டைப் பகிருங்கன்னா கம்பெனியைப் பகிர்ந்திருக்கீங்க. சரி, பசுமைன்னு சொன்னீங்கள்ல, கமுதிக்கு வாங்க. அருப்புக்கோட்டை தாண்டுனா வந்துரும். 2016-ல அதானி 2,500 ஏக்கர்ல பலகையைப் பரப்புனாரு. 648 மெகாவாட். அன்னைக்கு உலகத்துலயே ஒரே இடத்துல அவ்வளவு பெரிசா வேற கிடையாதாம். யூனிட்டு என்ன விலை?

ஏ.இ.: 7 ரூபா 1 பைசா.

அண்ணாச்சி: நம்ம வெயிலுக்கு இந்த விலை இருக்குன்னு தெரியாம எங்க தாத்தா துண்டைத் தலையில போட்டுக்கிட்டு அலைஞ்சாரு.

ஏ.இ.: மறு வருஷமே ஏலம் விட்டு 3 ரூபா 47 பைசாவுக்குக் கொண்டுவந்துட்டோம்ல?

அண்ணாச்சி: வெயிலும் பட்டாசு மாதிரிதான் போல. தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு விலை, மறுநாள் ஒரு விலை. ஆனா கமுதிக்காரருக்கு மட்டும் ஒப்பந்தம் 25 வருஷம். அவருக்கு நெதமும் முந்தின நாள்தான். என் பிரஸ் மாடியில நானும் பலகை மாட்டுனேன். மாடி என்னது, பலகை என்னது, மேல காயுற வெயிலுக்கு யார்கிட்டயும் பட்டா இல்லை. அதுக்கு நெட்வொர்க் கட்டணமாம்!

ஏ.இ.: பொழுது சாஞ்சா உங்க பலகை தூங்கிரும். அப்ப எந்த வயரைத் தேடி வருவீங்க? அந்த வயர் பகல் முழுக்க உங்களுக்காகக் காத்துக் கெடக்கு. காத்துக் கெடக்குறதுக்குக் கூலி வேண்டாமா?

அண்ணாச்சி: (சற்று யோசித்து) நியாயமாத்தான் இருக்கு. 2012-ல நாங்களும் கரண்டுக்காகக் காத்துத்தான் கெடந்தோம். அந்தக் கூலியை எப்பத் தருவீங்க?

ஏ.இ.: டீ ஆறுது, குடிங்க.

அண்ணாச்சி: 2023 செப்டம்பர் 25-ல மாநிலம் முழுக்கச் சிறுதொழில்காரங்க கதவடைச்சாங்களே, நிலைக் கட்டணமும் பீக் அவர் கட்டணமும் தாங்கலைன்னு, அப்பவும் டீ ஆறிக்கிட்டுதான் இருந்துச்சு.

ஏ.இ.: அன்னைக்கு லோடு நல்லாக் கொறைஞ்சிருக்கும். மாசம் ஒரு தடவை அப்படிப் போராடுனா வெளிய கரண்ட் வாங்கவே வேண்டாம்.

அண்ணாச்சி: பிரஸ்ஸை விடுங்க. என் பட்டாசு ஆபீசுக்கு வாங்க. மருந்து கலக்குற அறையில ஒரு பல்பு கிடையாது. விடிஞ்சா வேலை, இருட்டுமுன்ன வீடு. திரி காயுறதும் சரம் காயுறதும் வெயில்ல. மழை வந்தா ஆபீசுக்கு லீவு. கமுதிக்கு முன்னாடியே நூறு வருஷமா இந்த ஊரு சூரிய சக்தியிலதான் ஓடுது. எங்க பொம்பளையாளுங்களுக்கு யாராவது யூனிட்டுக்கு 7 ரூபா 1 பைசா கொடுத்தாங்களா? புகை போடுறவன்னு பேரு மட்டும் எங்களுக்கு.

ஏ.இ.: அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. கம்பி மத்தாப்புல வெள்ளையா பூக்குதே, அது என்ன?

அண்ணாச்சி: அலுமினியப் பவுடர்.

ஏ.இ.: ஒரு கிலோ அலுமினியம் எடுக்க 14 யூனிட்டுக்குக் கொறையாது. ஒடிசாவுல அங்குல் மாதிரி ஊர்ல நிலக்கரியை எரிச்சு, அந்தக் கரண்டுல எடுக்குறாங்க. உங்க ஆபீஸ்ல பல்பு இல்லைங்கிறீங்க. டப்பா டப்பாவா கரண்டை அடுக்கி வச்சிருக்கீங்க!

அண்ணாச்சி: (எழுந்து நின்று) சார், திரும்பச் சொல்லுங்க.

ஏ.இ.: கரண்டை டப்பாவுல அடுக்கி...

அண்ணாச்சி: கரண்டைச் சேமிக்கவே முடியாதுன்னு இப்பத்தானே பாடம் நடத்துனீங்க? நாங்க மஞ்சப் பெட்டியில போட்டு, மேல சாமி படம் ஒட்டி, நாலு வருஷமானாலும் பதமாறாம வச்சிருக்கோம். முப்பது வருஷ சர்வீஸ்ல ஒருநாள் எங்க குடோனை எட்டிப் பார்த்திருந்தா காத்தாடிக் கரண்டையும் கட்டி வச்சிருக்கலாமே!

ஏ.இ.: எடுக்கிறப்போ வெடிக்கும் அண்ணாச்சி.

அண்ணாச்சி: உங்க டிரான்ஸ்பார்மர் வெடிக்கலையா? எங்க சரக்குக்கு 2018-ல சுப்ரீம் கோர்ட்டு நேரம் குறிச்சிருச்சு. காலையில ஆறுலருந்து ஏழு, சாயங்காலம் ஏழுலருந்து எட்டுன்னு தமிழ்நாடு அரசு பிரிச்சுக் கொடுத்துச்சு. அதே தீர்ப்புல பேரியமும் கூடாதுன்னுட்டாங்க. பச்சை நிறம் கொடுத்ததே அதுதான் சார். பச்சையை எடுத்துட்டுப் பசுமைப் பட்டாசுன்னு பேரு வச்சாங்க.

ஏ.இ.: ரெண்டு மணி நேரமாவது கிடைச்சுதே.

அண்ணாச்சி: ஆமா, சென்னைக்குக் கரண்ட் போன நேரம், நம்ம பட்டாசுக்கு வந்த நேரம்.

தலைக்கு மேலே மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. தெருவில் பையன்கள் கூச்சலிட்டார்கள். அண்ணாச்சி பாதி டீயை வைத்துவிட்டு பிரஸ்ஸுக்கு போன் போட்டார்.

அண்ணாச்சி: ஏய், மிஷினைப் போடு... என்னது? (போனை இறக்கி) சார், ஒரு ஃபேஸ்தான் வந்திருக்காம். ஃபேன் சுத்துது, மிஷின் சுத்தலை.

ஏ.இ.: எத்தனை மணிக்கு வந்துச்சு?

அண்ணாச்சி: இப்போதான். பதினொண்ணு இருபது.

ஏ.இ.: ரெண்டு மணிவரைக்கும் வராதுன்னுதானே அறிவிப்பு? ரெண்டு மணி நாப்பது நிமிஷம் முன்னாடியே கொடுத்திருக்காங்க.