முதலுதவி டப்பாவின் மண்ணடுக்குகள்: குரோம்பேட்டை அகழாய்வு முன்னறிக்கை

1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியப் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே பல்லாவரத்துக்கு அடுத்த குரோம்பேட்டையில், இவ்வாண்டு போகியன்று ஒரு பரணிலிருந்து இறக்கப்பட்ட பிஸ்கட் டின்னைப் பற்றி உலகம் இதுவரை கவலைப்படவில்லை. ஃபூட்டுக்கு ஒரு வசதி இருந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டா, அதைத் தூக்கிப் போடப் போறியா இல்லையா?" என்று கேட்க அவருடைய அம்மா பக்கத்தில் இல்லை.

டின்னுக்குள் இருப்பது எங்கள் வீட்டு மலையேற்ற முதலுதவிச் சாமான். பருவத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்பது வழக்கம். பருவம் எது என்பதில்தான் முதல் சிக்கல். பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள். தாம்பரம் வட்டாரத்தில் அவை மூன்றாகச் சுருங்கிவிட்டன: வெயில், கடும்வெயில், முடிச்சூர் வெள்ளம். மூன்றிலும் மலையேற முடியாது. வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. காட்டுத்தீக் காலம் வந்தால் அவற்றையும் மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியவர்களைச் சூழ்ந்த காட்டுத்தீயை நினைத்தால் அதைக் குறை சொல்லவும் வாய் வராது. ஆக, வெள்ளம் வடிந்து தீ தொடங்குமுன் உள்ள சில வாரங்களே பருவம். போகி அதன் தலைவாசல்.

டின்னின் அடித்தட்டில் ஒரு பிளேடும் ஒரு முழ ரப்பர்க் குழாயும் கிடந்தன. இதைப் பாம்பு அடுக்கு எனலாம். வண்டலூர்ப் பக்கம் ஒரு சாரையைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் அப்பா வாங்கியவை. கடித்த இடத்துக்கு மேலே கட்டு, கீறு, உறிஞ்சு என்பது அக்கால மருத்துவம். இன்று மருத்துவர்கள் மூன்றையும் கூடாது என்கிறார்கள். கடிபட்ட கைகாலை அசைக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போ என்பதே பாடம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. அதிலிருந்து செய்யும் விஷமுறிவு மருந்து மருத்துவமனையில் ஏற்ற வேண்டியது, டின்னுக்குள் அடங்காது. ஆகவே பிளேடு, குழாய் இரண்டையும் கழித்துக் கட்டலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அம்மா பிளேடை மட்டும் தூக்கிப் போட்டார். "ரப்பர் நல்லாத்தானே இருக்கு."

அடுத்தது மொழியியல் சிக்கல். மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த பட்டியலில் 'அட்டை – 2' என்று ஒரு வரி. அம்மாவின் உரை: இரண்டு மாத்திரை அட்டை. மச்சானின் உரை: எலும்பு முறிந்தால் அணைத்துக் கட்ட இரண்டு கெட்டி அட்டை. எனக்கு இரண்டும் உடன்பாடில்லை. இது பொருள் பட்டியலே அன்று, சேத விவரம். வால்பாறையில் மச்சானைக் கடித்தவை இரண்டு என்பது குடும்பம் அறிந்தது. அவ்வரிக்கு நேர் கீழே கல்லுப்புப் பொட்டலம் கிடைத்திருப்பது என் பக்கம் பேசுகிறது. மச்சான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கடித்தவை மூன்று என்கிறார்.

காலக்கணிப்பு இதைவிடக் கடினம். மெடிக்கலில் நான்கு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத்தான் தருவார்கள். எக்ஸ்பயரி தேதி உள்ள ஓரம் கடையிலேயே தங்கிவிடும். எனவே விலைக்குறியை நாடினேன். ₹ குறியை அரசு ஏற்றது 2010 ஜூலையில். அக்குறி இருந்தால் மாத்திரை அதற்குப் பிந்தியது என்பது உறுதி. இல்லாவிட்டால் எதுவுமே உறுதியில்லை. விலை ஒன்றரை ரூபாய் என்றிருந்த ஓர் அட்டையை மட்டும் ஆய்வுக்கு அப்பாற்பட்டது என்று வணங்கி ஒதுக்கினேன்.

ஓஆர்எஸ் பொட்டலம் பாறையாகிவிட்டிருந்தது. 1971இல் வங்காள எல்லையில், பன்காவ் அகதி முகாமில், திலீப் மகலனோபிஸ் உப்பு–சர்க்கரைக் கரைசலால் காலராவிலிருந்து உயிர்களைக் காத்தார். இன்றைய பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். எங்களுடையதைக் கரைக்கச் சுத்தியல் தேவைப்பட்டது.

பிளாஸ்திரி ஒன்றுகூட இல்லை. மேலுறைகள் மட்டும் இருந்தன. பேண்ட்-எய்ட் என்பதே 1920இல் எர்ல் டிக்சன் என்பவர், சமையலறையில் அடிக்கடி கையை வெட்டிக்கொண்ட மனைவிக்காகச் செய்தது. எங்கள் டின்னிலிருந்தவையும் முருங்கைக்காய் நறுக்கும்போது ஒவ்வொன்றாகப் பிறந்த வீட்டுக்கே திரும்பியிருக்கின்றன.

இவ்வளவையும் அடுக்கிப் பார்த்தபோது ஒரு விதி புலப்பட்டது. ஒவ்வோர் அடுக்கும் முந்தைய பயணத்தின் காயத்துக்கான மருந்து. பாம்பைப் பார்த்தபின் ரப்பர், அட்டை கடித்தபின் உப்பு, ஜவ்வாது மலையில் என் கணுக்கால் பிசகியபின் கிரேப் பேண்டேஜ். வரப்போகும் காயத்துக்கு டின்னில் இடமே ஒதுக்கப்பட்டதில்லை.

விதியைச் சோதிக்கத் தை மாதம் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிப் பர்வதமலை போனோம். புது ஓஆர்எஸ், புது பிளாஸ்திரி, எக்ஸ்பயரி ஓரத்தோடு வாங்கிய முழு அட்டை மாத்திரை. பாம்பு வரவில்லை, யாருக்கும் கால் பிசகவில்லை. கடப்பாறைப் படி தொடங்கும் இடத்தில் என் ஷூவின் அடிப்பாகம் முழுசாகக் கழன்று தொங்கியது. அந்த வகை அடிப்பாகம் காற்றின் ஈரத்திலேயே இற்றுப்போகும், போடாமல் பத்திரமாக வைத்தால் தெரியாமலே இற்றுப்போகும் என்று பிறகு படித்தேன்.

மச்சான் டின்னைக் கவிழ்த்தார். அடியிலிருந்து விழுந்தது அந்த ஒரு முழ ரப்பர்க் குழாய். ஷூவைச் சுற்றி இறுக்கிக் கட்டி மேலே போய்க் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

வீடு வந்ததும் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. காலைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், காபி போட உள்ளே போய்விட்டார். அன்று மாலையே டின்னில் இவ்வாண்டின் அடுக்கு சேர்க்கப்பட்டது: ஃபெவிகுவிக், இரண்டு.