புகைந்த வீடு விற்பனைக்கு

வீட்டை விற்பதென்று முடிவு செய்துவிட்டீர்கள். பையன் நியூஜெர்சியில், பெண் பெங்களூரில். மயிலாப்பூர் லஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டில் இனி யார் குடியிருக்கப் போகிறார்கள்? நியாயம்தான். ஆனால் புரோக்கருக்கு போன் போடுவதற்கு முன் ஒரு விஷயம்: உங்கள் வீடு நாறுகிறது. உங்களுக்குத் தெரியாது. தினம் ஒரு பாக்கெட் என்று முப்பது வருஷம் ஊதிய மூக்கு, அந்த வாடையைக் கணக்கிலிருந்து எப்போதோ தள்ளிவிட்டது. மனைவியைக் கேட்டும் பயனில்லை. அவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்து பல வருஷம் ஆகிறது.

ஆகவே ஒரு மூக்கை இரவல் வாங்குங்கள். அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்காத, உங்களை ஏற்கெனவே பிடிக்காத சொந்தக்காரர் யாராவது இருந்தால் உத்தமம். புரோக்கரின் மூக்கை மட்டும் நம்பாதீர்கள். வீட்டைப் பட்டியலில் சேர்க்க வரும்போது, "கோயில் மாதிரி இருக்கு சார்" என்பார். பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு வந்த பிறகு உங்களைத் தனியே வராந்தாவுக்கு இழுத்துப் போய், "உள்ள ஒரு மாதிரி வாடை வருது சார், ரேட்டைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்பார். இரண்டும் அதே மூக்குதான்.

சென்னைவாசியின் முதல் கைவைத்தியம் சாம்பிராணி. புகையைப் புகையால் விரட்டும் இந்தத் திட்டத்தில் மூலை மூலையாகக் கம்ப்யூட்டர் சாம்பிராணி கொளுத்தி, அதற்கு மேல் தசாங்கம் போட்டு, போதாதென்று அலமாரிக்குள் பாச்சை உருண்டையும் உருட்டிவிடுவார்கள். வாடை போகாது, கூட்டணி அமைக்கும். கதவைத் திறந்ததும் சந்நிதியும் பெட்டிக்கடையும் ஒன்றாக மூக்கில் ஏறும். வந்தவர் மூக்கைச் சுளிக்க மாட்டார், அவ்வளவு மரியாதை உண்டு. "யாராவது தவறிட்டாங்களா?" என்று மட்டும் கேட்பார்.

அடுத்தது காபி. பார்ட்டி வரும் நேரத்துக்குப் புதுப்பொடியில் டிகாக்‌ஷன் இறக்கி, டபரா செட்டில் ஆவி பறக்கக் கொடுத்துவிடுவது. மயிலாப்பூரில் இது ஓரளவு பலிக்கும். டம்ளர் மூக்குக்கு நேரே இருக்கிற வரைதான். காபியைக் குடித்து முடித்துவிட்டு அவர் பெட்ரூமைப் பார்க்க எழுந்துவிட்டால் என்ன செய்வது? இரண்டாவது டம்ளர் கொடுக்கலாம். மூன்றாவது சந்தேகத்தைக் கிளப்பும்.

இனி விளையாட்டில்லை, வேலை. வீட்டில் நாறுவது காற்றல்ல, சுவர். சிகரெட் புகையிலுள்ள தாரும் நிகோட்டினும் மெல்லிய பிசினாகப் படிந்து கிடக்கின்றன. சென்னையின் புழுக்கத்தில் அந்தப் பிசின் மறுபடி கசியத் தொடங்கும். ஐப்பசி மழையில் வீடு காட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பிசின் எங்கே அதிகம் என்று தெரிய வேண்டுமா? ஈஸி சேரில் சாய்ந்து அண்ணாந்து பாருங்கள். நேர் மேலே கூரையில் ஒரு பழுப்பு வட்டம் இருக்கும். முப்பது வருஷச் சிந்தனையெல்லாம் அங்கேதான் போயிருக்கிறது. அடுத்து ஃபேன் இறக்கையின் மேல்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பிறகு அந்தத் துணியை மனைவி கண்ணில் படாமல் அப்புறப்படுத்துங்கள்.

பெயிண்ட் சுவரைச் சோப்புத் தண்ணீரால், கீழிருந்து மேலாகக் கழுவ வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் பழுப்பு நீர் வழிந்து, காய்ந்த சுவரில் கோடு கோடாக நின்றுவிடும். பிறகு ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு ஒரு துடைப்பு. நிகோட்டின் காரகுணம் உள்ளது, அமிலத்துக்குப் பிடி கொடுக்கும். வினிகரோடு சமையல் சோடாவையும் கலந்தால் இன்னும் விசேஷம் என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பியிருப்பார்கள். நுரை பொங்குவது கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட பிறகு பக்கெட்டில் மிஞ்சும் தண்ணீருக்குத்தான் வேலை செய்யத் தெரியாது. சோடாவைத் தனியாக ஒரு தட்டில் கொட்டி அலமாரிக்குள் வையுங்கள், போதும்.

மயிலாப்பூர்ப் பழைய வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு உத்தரங்கள் மீது செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட கூரையாக இருந்தால் வினிகரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். அமிலம் சுண்ணாம்பை அரித்துவிடும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுக் குழைத்த காரை அது. தாத்தா காலத்துக் கொத்தனார்கள் எத்தனையோ யோசித்தார்கள், பேரன் கோல்ட் ஃப்ளேக் பிடிப்பான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அந்தத் தலைமுறை பொடி போட்டது. சேதம் மேல்துண்டோடு நின்றது, சுவர் தப்பித்தது.

கழுவியாயிற்று என்று உடனே எமல்ஷன் அடிக்காதீர்கள். தண்ணீரில் கரையும் பெயிண்ட் பட்டதும் பழைய பழுப்பு ஊறி மேலே வரும்; ஒரே மாதத்தில் வெள்ளைச் சுவர் சந்தனம் பூசிக்கொள்ளும். நடுவில் அடைப்பு வேண்டும். ஆயில் பிரைமர் உதவும். அதைவிட நல்லது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக் பூச்சு. அமெரிக்காவில் புகை வீடுகளுக்கு இதைத்தான் டின் டின்னாக அடிக்கிறார்கள். மர பீரோவுக்கு பாலிஷ் போட வருகிறவரிடம் கேளுங்கள், அந்த அரக்கோடுதான் அவருக்குப் பிழைப்பு.

சாமான்கள். திரைச்சீலை, சோபா உறை, ஈஸி சேர்த் துணி எல்லாம் வெளியே. ஏசி ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் ஸ்விட்சைப் போட்டதும் 1998-ஆம் வருஷம் அப்படியே அறைக்குள் இறங்கும். வக்கீல் வீடாக இருந்தால் பெரிய வில்லன் புத்தக அலமாரி. 1891-இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலின் பைண்டு வால்யூம்கள் புகையை உறிஞ்சுவதைப்போல வேறெதுவும் உறிஞ்சாது. பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். அவர் முகர்ந்து பார்ப்பதில்லை.

ஓசோன் மெஷின் வாடகைக்கு வைத்து ஒரே ராத்திரியில் வாடையை ஒழிப்பதாக யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். ஓசோன் நுரையீரலைக் கெடுக்கும். நிகோட்டினோடு சேர்ந்தால் இன்னும் நுண்ணிய துகள்களை உண்டாக்கும்.

ஜன்னலைத் திறந்து வைப்பதிலும் பேட்டைக்குப் பேட்டை தர்மம் வேறு. அடையாறு, பெசன்ட் நகர்க்காரர்கள் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று ஏறியதும் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிட்டு பார்ட்டியை வரச்சொல்லலாம். மயிலாப்பூரில் பறக்கும் ரயில் பாதையை ஒட்டிய வீடென்றால் ஜன்னலைத் திறந்ததும் பக்கிங்ஹாம் கால்வாய் உள்ளே வரும்; அதன் முன்னால் சிகரெட் வாடை எம்மாத்திரம்! தி.நகர்க்காரர்கள் பார்ட்டியை நேரே வீட்டுக்கு வரவழைக்கவே கூடாது. "அட்ரஸ் கண்டுபிடிக்கக் கஷ்டம்" என்று சொல்லி பனகல் பார்க்கில் சந்தித்து, ரங்கநாதன் தெரு வழியாக ஒரு சுற்று நடத்திக் கூட்டி வாருங்கள். மல்லிகைப்பூ, பஜ்ஜி எண்ணெய், புதுத்துணி, வியர்வை என எல்லாம் ஏறிய மூக்கு, உங்கள் வாசலில் ராஜினாமா செய்துவிடும்.

மூக்கு ஏமாந்தாலும் கூட வருகிற பெரியப்பா ஏமாற மாட்டார். 1887-இல் வெளிவந்த முதல் கதையிலேயே ஷெர்லாக் ஹோம்ஸ், கொலையாளி திருச்சி சுருட்டு பிடிப்பவன் என்று சாம்பலை வைத்துச் சொல்லிவிடுகிறார். பெரியப்பா ஜன்னல் கட்டையில் வரிசையாக இருக்கும் கருகல் தழும்பை விரலால் தடவிப் பார்த்து, "சார் பிடிப்பீங்களோ?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். எதிர்வீட்டு மாமியிடம் அவர் ஏற்கெனவே விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

மறைக்கக் கூடாததற்கு வேறு காரணமும் உண்டு. சுவரில் படிந்த நிகோட்டின், காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களாக மாறுகிறது என்று 2010-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் காட்டினார்கள். அந்த அமிலத்தைக் கொடுப்பவை காஸ் அடுப்பும் வண்டிப்புகையும். உஸ்மான் ரோட்டில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. வாங்குகிறவர் வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால் தரையைத் தொட்ட கையை வாயில்தான் வைக்கும். அதனால் சாம்பிராணிக் காசை பெயிண்டருக்குக் கொடுங்கள்.

இத்தனையும் செய்து, வீடு பளிச்சென்று, வாடையே இல்லாமல் நிற்கிறது. பார்ட்டி வருகிறார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்கிறார்: "எத்தனை கிரவுண்ட்?" ஒன்றே முக்கால் என்கிறீர்கள். "ரோடு எத்தனை அடி? ஈசி முப்பது வருஷத்துக்குப் போட்டு வெச்சிருக்கீங்களா?" உள்ளே வாருங்கள், சுவரைப் பாருங்கள் என்று கெஞ்சுகிறீர்கள். அவர் சுவரைப் பார்க்க வரவில்லை. அவர் பில்டர். பத்திரம் முடிந்த மறுவாரம் ஜேசிபி வரும். உங்கள் நிகோட்டின், ஷெல்லாக், கடுக்காய்க் காரை எல்லாம் ஒரே லாரியில் ஏறும். எண்பதுகளில் கட்டிய ஃபிளாட்காரர்களுக்கும் இந்த யோகம் உண்டு. 2022-ஆம் வருஷத்து அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அப்படியொரு பேச்சு உங்கள் அசோசியேஷனில் அடிபட்டால் பெயிண்டருக்கு அட்வான்ஸ் கொடுப்பதைச் சற்று ஒத்திப்போடுங்கள்.

பத்திரப்பதிவு அன்றைக்கு டென்ஷனில் கை பாக்கெட்டுக்குப் போகும். சார்பதிவாளர் அலுவலகத்துக்குள் பற்றவைக்காதீர்கள். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் தடை இறுகியிருக்கிறது, அபராதம் 200 ரூபாய் வரை. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் வாங்குபவர் தலையில். இந்த 200 மட்டும் உங்களுடையது.