ஐயரே, முதலில் 'அ' எழுதுங்கள்!

தரங்கம்பாடி, சீகன்பால்கு என்று பேச்செடுத்தாலே நம்மவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அச்சுக்கலையின் தந்தை, அருட்தொண்டின் முன்னோடி என்று பட்டங்கள் வரிசைகட்டி வரும். ஆனால் 1706 ஜூலை 9-ஆம் தேதி கப்பலிலிருந்து இறங்கியவர் தந்தையும் இல்லை, தாத்தாவும் இல்லை. மறுநாள் 24-வது பிறந்தநாள் கொண்டாட வேண்டிய பையன். உடம்பு சரியில்லை என்று யுனிவர்சிட்டிப் படிப்பைப் பாதியில் விட்ட ஜெர்மன்காரர். உலகத்தைத் திருத்த வந்தவருக்குத் தன் வயிற்றையே திருத்த முடிந்ததில்லை.

அனுப்பிவைத்த புண்ணியவான் யார்? டென்மார்க் ராஜா நான்காம் பிரெடெரிக். ரொம்ப பக்திமான். எவ்வளவு பக்தி என்றால், ராணி குத்துக்கல்லாக உயிரோடு இருக்கும்போதே 1703-இல் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அந்த அம்மாள் அடுத்த வருஷமே இறந்துபோனதும் சும்மா இருந்தாரா? 1712-இல் மறுபடியும் ஒன்று! ராணி அப்போதும் உயிரோடுதான் இருந்தார். பத்துக் கட்டளைகளில் ஒன்றை மட்டும் சொந்த உபயோகத்துக்கு ஒத்தி வைத்துவிட்டு, பத்தையும் இந்தியாவுக்கு எக்ஸ்போர்ட் செய்த மகாராஜா!

டென்மார்க்கில் இந்த வேதம் பரப்பும் வேலைக்கு ஆள் சிக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து சீகன்பால்குவையும் நண்பர் புளுட்சோவையும் பிடித்துவந்தார்கள். கோபன்ஹேகன் பிஷப் இன்டர்வியூ வைத்தார். ரெண்டு பேரும் ஃபெயில்! ஹாலே நகரத்து பக்தி இயக்கத்துப் பையன்கள் என்றாலே பிஷப்புக்கு அலர்ஜி. ராஜா புருவத்தை உயர்த்தினார், மறுதேர்வு நடந்தது, ரெண்டு பேரும் பாஸ். சிபாரிசைக் கண்டுபிடித்தது நாம்தான் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோமே!

தரங்கம்பாடியில் மாலை மரியாதையா? டேனிஷ் கம்பெனியின் கவர்னர் ஹாசியஸ் இருவரையும் மணிக்கணக்காகக் காக்கவைத்தார். அப்புறம் வந்து, நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று விசாரித்தார். ராஜாவின் முத்திரை வைத்த கடிதத்தை நீட்டினார்கள். சரி என்று ஊருக்குள் கூட்டிப்போய், கடைத்தெருவில் நட்டநடுவில் நிறுத்திவிட்டுத் தன்பாட்டில் போய்விட்டார். கம்பெனி வந்தது துணியும் மிளகும் வாங்க. ஆத்துமா வாங்க அல்ல. ஊர்க்காரர்கள் முறுக்கிக்கொண்டால் வியாபாரம் படுத்துவிடுமே! கையில் ராஜாவின் கடிதம் இருக்கிறது, ராத்திரி படுக்கத் திண்ணை இல்லை.

பிரசங்கம் செய்யப் பாஷை வேண்டாமா? திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை, பிள்ளைகளோடு சேர்த்து, தங்கள் வீட்டுக்கே குடியேற்றினார்கள். நினைத்துப் பாருங்கள்: லத்தீனும் கிரேக்கமும் படித்த இரண்டு ஐரோப்பிய ஐயர்மார், மூக்கொழுகும் பொடிசுகளுக்கு நடுவே சம்மணமிட்டு, மணலில் விரலால் 'அ' போடுகிறார்கள். எழுத்து மளமளவென்று வந்துவிட்டது. அப்புறம்தான் விஷயம் உறைத்தது. வாத்தியாருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. எதையும் எழுதுவார்கள், எதையும் வாசிப்பார்கள், எதற்கும் அர்த்தம் தெரியாது. நம்மில் பலர் முழு ஆண்டுத் தேர்வு எழுதியதும் இந்த முறையில்தான்.

மீட்பராக வந்தவர் அழகப்பன். முன்பு கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்; போர்ச்சுகீசு, டேனிஷ், ஜெர்மன் என்று வரிசையாகப் பேசக்கூடியவர். அப்புறம் சீகன்பால்கு பிடித்த பிடி இருக்கிறதே! விடிந்தால் பாடம், மத்தியானம் பாடம், ராத்திரி கண் எரிந்தால் யாராவது வாசிக்க இவர் கேட்பார். ஓலைச்சுவடி வாங்க ஊர் ஊராக ஆள் அனுப்பினார். புலவர் போய்ச் சேர்ந்த வீட்டில் விதவைகள் சுவடிகளைச் சல்லிசாகக் கொடுத்தார்கள். 1708-இல், தான் படித்த நூறு சொச்சம் தமிழ் நூல்களுக்குக் குறிப்போடு ஒரு பட்டியலே போட்டுவிட்டார். வந்து முழுசாக ரெண்டு வருஷம் ஆகியிருந்தால் அதிகம். நம் வீட்டில் நூறு தமிழ் நூல் படித்தவர் யார் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்.

படித்ததில் ஒரு விபத்தும் நடந்தது. இவர்களுக்கு நெறி ஏது, நூல் ஏது என்ற நினைப்போடுதான் கப்பலேறியிருந்தார். திருக்குறள், நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்று ஒவ்வொன்றாக வந்து கன்னத்தில் தட்டின. தன் பழைய நினைப்பு தப்பு என்று ஐரோப்பாவுக்கே எழுதிப்போட்டார். இதில் திருக்குறள் நீங்கலாக மற்ற மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்து அனுப்பினார். அறம் சொல்லிக்கொடுக்க வந்தவர், ஆத்திசூடி கோஷ்டிக்கு ஏஜென்ட் ஆகிவிட்டார்!

மதம் பரப்ப வந்ததற்காக உள்ளூர்க்காரர்கள் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்களா? இல்லவே இல்லை. போட்டவர் அதே வேதத்தை வாசிக்கும் ஹாசியஸ். ஒரு விதவையின் வழக்கில் நியாயம் கேட்கப்போன பையன், கவர்னரிடம் பணிந்து போகிற ரகம் இல்லை. கோபமும் பிடிவாதமும் கொஞ்சம் தாராளம். 1708 நவம்பரில் டான்ஸ்பர்க் கோட்டையில் அடைத்தார்கள், நாலு மாசம். மனிதர் என்ன செய்தார்? உள்ளே உட்கார்ந்து ரெண்டு புத்தகம் எழுதிவிட்டு வெளியே வந்தார். எழுத்தாளருக்குத் தொந்தரவில்லாத தனி அறை கொடுத்தது ஒன்றுதான் ஹாசியஸ் செய்த இலக்கியச் சேவை.

இனி அச்சு. 'தமிழின் முதல் அச்சுப் புத்தகம் போட்டவர்' என்று சிலர் உணர்ச்சிவசப்படுவார்கள். சாரி. 1578-லேயே கொல்லத்தில் ஹென்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' வந்துவிட்டது. ஆனால் சீகன்பால்குவின் அச்சகம் வந்துசேர்ந்த கதைக்கு ஈடு இல்லை. லண்டனில் எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ சங்கம் அச்சு இயந்திரத்தைக் கப்பலேற்றியது. வழியில் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவழியாக விட்டபின், கூட வந்த அச்சாளர் நடுவழியில் இறந்துபோனார். 1712-இல் இயந்திரம் பத்திரமாக வந்து சேர்ந்தது, ஓட்டத்தான் ஆளில்லை. கடைசியில் கோட்டைச் சிப்பாய்களில் ஒருவருக்கு அச்சுத்தொழில் தெரியும் என்று கண்டுபிடித்தார்கள். நற்செய்தியின் முதல் ஆபரேட்டர், துப்பாக்கி பிடித்த கை!

மறு வருஷம் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. பிரமாதம், ஆனால் ஒவ்வொன்றும் போஸ்டர் சைஸ். இதில் வேதாகமம் அடித்தால் இருக்கிற காகிதமெல்லாம் தீர்ந்துவிடும். சின்ன எழுத்தாக இங்கேயே வார்த்தார்கள். லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாவின் ஈயத்தை உருக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. காகிதத்துக்குப் பொறையாறில் ஆலையே கட்டினார்கள். 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுசும் அச்சாகிவிட்டது. இந்திய மொழி ஒன்றில் அதுதான் முதல். பின்னாளில் வீரமாமுனிவர் அந்தத் தமிழைக் கிழிகிழியென்று கிழித்தார். ஒரு ஜெர்மன்காரரின் தமிழில் இத்தாலிக்காரர் பிழை பிடிக்கிறார். தமிழன் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

ஊர்க்காரர்களிடம் கடிதம் மூலம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் பழக்கமும் அவருக்கு உண்டு. எங்கள் மார்க்கத்தை ஏன் ஏற்கமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டுவைத்தார். பதில் வந்தது. உங்கள் ஆட்கள் மாட்டுக்கறி தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தபத்தம் கிடையாது. கிறிஸ்துவைப் பற்றிக் குறை குறைவு. கம்பெனிக்காரர்களைப் பற்றித்தான் பட்டியல் நீளம். வேறு ஆளாக இருந்தால் அடுப்பில் போட்டிருப்பார். இவர் அதை மொழிபெயர்த்து ஹாலேக்கு அனுப்ப, அவர்கள் அச்சிட்டே விட்டார்கள்!

அதே ஆர்வத்தில், 1713-இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வம்சாவளியை ஆசை ஆசையாக எழுதி அனுப்பினார். சிவன், விஷ்ணுவிலிருந்து ஐயனார், மாரியம்மன்வரை யாரையும் விடவில்லை. ஹாலேயின் பெரியவர் பிராங்கே முகம் சுளித்தார்: உங்களை அனுப்பியது அந்த நம்பிக்கையை ஒழிக்க, அதை இங்கே கொண்டுவந்து பரப்ப அல்ல! புத்தகம் அலமாரிக்குள் போயிற்று. அச்சேறியது 1867-இல், அதுவும் சென்னையில். 154 வருஷம் தாமதம். தெய்வங்களுக்கு என்ன அவசரம்?

இடையில் ஐரோப்பா போய் வந்தார். போர்க்களத்தில் முகாமிட்டிருந்த ராஜாவையே பார்த்தார், கல்யாணமும் செய்துகொண்டார், 1716-இல் திரும்பினார். அடுத்த இடி, கோபன்ஹேகன் தலைமை ஆபீசிலிருந்து. அப்போஸ்தலர்கள் கட்டடம் கட்டினார்களா, குடும்பம் வைத்தார்களா, நீங்கள் மட்டும் ஏன் ஒரே ஊரில் உட்கார்ந்து செலவு செய்கிறீர்கள் என்று செயலாளர் வென்ட் காய்ச்சி எடுத்தார். எழுதியவர் கோபன்ஹேகனில் சுகமாக உட்கார்ந்துகொண்டுதான் எழுதினார் என்பதைக் கவனிக்கவும்.

1719 பிப்ரவரியில் சீகன்பால்கு இறந்தார், வயது 36. எழுத்து சொல்லிக்கொடுத்த வாத்தியார், அர்த்தம் சொல்லிக்கொடுத்த அழகப்பன், சுவடி விற்ற விதவைகள் என்று தமிழில் கைகொடுத்தவர்கள் யாரும் அவர் மதத்துக்காரர்கள் இல்லை. ஃபெயிலாக்கியது, தெருவில் விட்டது, ஜெயிலில் போட்டது, புத்தகத்தைப் பூட்டியது, லெட்டர் போட்டுக் குதறியது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போன கோஷ்டி. இத்தனைக்கும் பிறகு அவருடைய விசுவாசம் அசையவில்லை என்பதுதான், நான் பார்த்தவரையில், இந்தக் கதையின் ஒரே அற்புதம்.

அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் தரங்கம்பாடி ராஜ வீதியில் இன்றும் இருக்கிறது. முகப்பில் கிரீடத்தோடு பிரெடெரிக்கின் முத்திரை. ஸ்பான்சர் பெயர் வாசலில், வேலை பார்த்தவர் உள்ளே தரைக்கடியில். கவர்னர் ஹாசியஸ் என்ன ஆனார் என்கிறீர்களா? சீகன்பால்குவை ஜெயிலில் போட்டவர் என்ற ஒரே தகுதியில்தான் அவருக்கு இந்தக் கட்டுரையிலேயே இடம் கிடைத்தது.