மேடையில் 1,750, மலையில் அரைப்பேர்

தொழிலாளி வர்க்கம் என்று இப்போது ஒன்றுமே இல்லையாம். எல்லோரும் மனித வளமாகிவிட்டார்களாம். கொழும்பில் குளிரூட்டிய மண்டபத்தில் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொல்கிறார்கள். அந்த வளத்தைப் பார்க்க இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் வாருங்கள். மண்ணுக்குள் மாணிக்கம் கிடக்கிற ஊர். மண்ணுக்கு மேலே, ஒழுகுகிற லயத்துக்கு நாலு தகரம் கேட்டுத் தோட்டக் கந்தோரில் கைகட்டி நிற்கிறது வளம்.

சம்பளத்துக்குப் பஞ்சமில்லை, மேடையில். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க நாள் சம்பளம் 1,700 ரூபாய் என்றார். தோட்டக் கம்பெனிகள் நீதிமன்றத்துக்கு ஓடின. செப்டெம்பரில் அது 1,350 ஆகத் தேய்ந்தது. ஆட்சி மாறி, 2026க்கான பட்ஜெட்டில் 1,750 ஆனது: கம்பெனி 1,550, வேலைக்கு வந்ததற்காக அரசாங்கம் 200. 1992இல் தோட்டங்களின் நிர்வாகத்தை அரசிடமிருந்து வாங்கிக்கொண்ட கம்பெனிகள், பாவம், இன்னும் நடை பழகவில்லை. லாபம் என்றால் தனியார் துறை. கூலி என்றால் மட்டும் தேசியப் பிரச்சினை, மக்கள் வரிப்பணம்.

சொன்ன காசு கைக்கு வரத் தராசைத் தாண்ட வேண்டும். காலையிலிருந்து எடுத்த கொழுந்தில் சாக்குக்கு என்று கொஞ்சம், ஈரத்துக்கு என்று கொஞ்சம், முற்றல் இலைக்கு என்று இன்னும் கொஞ்சம் கழிப்பார்கள். மிச்சம் அன்றைய நிறைக்கு எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். முதுகு முழுதாகத்தான் நோகிறது. அரைப்பேர் எழுதுகிற கணக்கப்பிள்ளைக்கோ, எழுதச் சொல்கிற துரைக்கோ எந்த மாதமாவது அரைச் சம்பளம் விழுந்ததுண்டா?

இறப்பர் மலையில் தராசுகூட வேண்டாம், மழை போதும். மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை. மாற்று வேலை கொடுத்தால் அது துரையின் கருணை. மழை ஓயாத சப்ரகமுவவில் இறப்பரை நட்டவன் வெள்ளைக்காரன், விற்கிறது கம்பெனி, மழைக்குத் தண்டம் கட்டுவது மட்டும் பால்வெட்டுகிறவள்! அதே மழைதான் 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மலையைச் சரித்து, லயத்தை ஆட்களோடு மூடியது. மண் சரிந்த பிறகு அபாய வலயம் என்று அறிவிக்க ஆளுக்கு ஆள் வருவார்கள். எழும்பிப் போக எங்கே இடம்? வீடு கட்டக் காணி 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்று மேடையில் இன்னும் ஏலம் முடியவில்லையே.

கம்பெனிகள் உற்பத்தித் திறன் பற்றி நிறையப் பேசுவதால் ஒரு யோசனை. பணிப்பாளர் சபை கூடும் அறை வாசலிலும் ஒரு தராசு வையுங்கள். பேசியதில் காற்றுக்கு என்று கொஞ்சம் கழித்துவிட்டு நிறுங்கள். நிறை வராதவருக்கு அரைப்பேர். மழை பெய்தால் கூட்டமும் இல்லை, படியும் இல்லை.